உட்காரும் ஆள்

கம்பாலாவுக்கு வடக்கே மட்டுகா ஸ்டேஜில் காலை ஆறரை மணிக்கு ஒரு வேன் டாக்சி நிறைந்து நிற்கிறது என்றால், அதில் பாதிப் பேர் எங்கேயும் போகப்போவதில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

பதினான்கு இருக்கையும் நிரம்பாமல் டிரைவர் சாவியைத் திருப்பமாட்டான். முதலில் ஏறுகிறவர் கடைசி ஆள் வரும்வரை உள்ளே கிடந்து வேகவேண்டும். அதனால் காலி வண்டியில் யாரும் ஏறமாட்டார்கள். யாரும் ஏறாததால் வண்டி காலியாகவே நிற்கும். இந்தச் சிக்கலைத் தீர்க்கத்தான் கிபூக்கா என்கிற ஆள் ஸ்டேஜில் இருந்தான். கூவிக்கூவி ஆள் ஏற்றுவது அவன் தொழில். சரக்கு இல்லாத கடைக்காரன் வெறும் டப்பாக்களை அலமாரி முழுக்க அடுக்கிவைப்பதுபோல, ஏழெட்டுப் பேரை அவன் வண்டிக்குள் முதலிலேயே அடுக்கிவிடுவான். நிஜப் பயணி ஒருவர் ஏற ஏற, அடுக்கியதில் ஒருவர் இறங்கிக்கொள்வார். இவர்களுக்கு ஸ்டேஜில் "உட்காரும் ஆட்கள்" என்று பேர்.

கோட்டுப் போட்ட பெரியவர் ஒருவர் உண்டு; பார்த்தால் ஏதோ அலுவலகத்தில் மேலதிகாரி என்று தோன்றும், தினமும் வீட்டில் போனை மறந்துவிட்டு வருவார். இடுப்பில் குழந்தையோடு ஒருத்தி உண்டு. குழந்தை நிஜம், பயணம்தான் பொய். எல்லோரும் ஒன்றாக இறங்கக்கூடாது, இறங்கும்போது ஒரு காரணம் சொல்லவேண்டும், காரணத்தைச் சத்தமாகச் சொல்லக்கூடாது. தொழில் என்று வந்துவிட்டால் எதற்கும் ஒரு ஒழுங்கு வேண்டும் அல்லவா?

கிபூக்காவின் இருப்பிலேயே உயர்ந்த சரக்கு நபோசா. வயது இருபது, நகரத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் கணக்கியல் இரண்டாம் வருஷம். ஜன்னலோரம் அவள் நோட்டைத் திறந்துவைத்து உட்கார்ந்துவிட்டால் போதும், ஐந்து நிமிஷத்தில் நாலு பேர் ஏறுவார்கள். வகுப்புக்கு ஓடுகிற பிள்ளை, கிளம்பாத வண்டியில் உட்கார்ந்திருக்குமா என்ன!

"நம்ம ப்ரொஃபசரம்மா ஒருத்தி அஞ்சு பேருக்குச் சமம்டா," என்பான் கிபூக்கா. "அந்தக் கோட்டுக் கிழவனை மூணு நாள் கண்ணாடி போடச் சொல்லிப் பார்த்தேன். ஒரு ஈ ஏறலை."

கூலியாக அவன் காசு தரமாட்டான், அவளும் கேட்கமாட்டாள். இரண்டு வண்டிக்கு உட்கார்ந்தால், பொம்போ பக்கமிருந்து ஏற்கெனவே ஆளோடு வருகிற ஏதாவது ஒரு வண்டியில் காலியாக இருக்கிற இடத்தில் அவளை ஏற்றி அனுப்புவான். ஓசிப் பயணம். அந்த டிரைவர்கள் எல்லாம் அவனுக்குக் கடமைப்பட்டவர்கள்.

ஃபீஸ் கட்ட அவளுக்கு ஜின்ஜாவில் ஒரு மாமா இருந்தார். ஃபீஸைத்தான் அவர் ஒத்துக்கொண்டது. தினப்படி போக வர ஆகும் செலவை யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. சந்தையில் கரி விற்கும் அம்மாவால் ஒரு வழிக் காசுதான் முடிந்தது. அது சாயங்காலம் திரும்பிவர. காலையில் போவது அவள் சாமர்த்தியம்.

அந்தச் சாமர்த்தியம் நாலே முக்காலுக்கு எழுந்திருப்பதில் தொடங்கும். செம்மண் சேற்றில் இருபத்தைந்து நிமிஷம் செருப்போடு நடந்து, ஸ்டேஜில் பெட்டிக்கடைக்குப் பின்னால் நின்று ஈரத்துணியால் காலைத் துடைத்து, பையிலிருந்து ஷூவை எடுத்து மாட்டுவாள். சேற்றுச் செருப்பு சாயங்காலம்வரை கடைக்காரனின் சோடாப் பெட்டிக்கு அடியில் தூங்கும். விடுதியில் இருக்கிற பிள்ளைகள் எட்டரைக்கு எழுந்து ஒன்பதுக்கு வகுப்புக்கு வருவார்கள், கன்னத்தில் தலையணைக் கோடு மாறாமல். குழு வேலை என்றால் ராத்திரி எட்டு மணிக்கு விடுதியில் கூடலாம் என்பார்கள். அவளுக்கு எட்டு மணி என்பது வீட்டுக்குத் திரும்புகிற வழியில், கவெம்பே நெரிசலில் யாரோ ஒருவரின் கோழிக்கூடை மடியில் அழுத்த உட்கார்ந்திருக்கிற நேரம். "நபோசா எப்பவும் வரமாட்டா, அவ பேரையும் சும்மா போட்டுக்குங்க," என்று ஒருத்தி சொன்னது அவள் காதிலேயே விழுந்தது.

ஒன்று சொல்லவேண்டும்: அவள் படித்ததெல்லாம் அந்தப் பொய்ப் பயணத்தில்தான். முதல் வருஷப் பாடம் முழுவதையும் மட்டுகா ஸ்டேஜில், நகராத வண்டிகளில் உட்கார்ந்தே முடித்தாள்.

அந்த வியாழக்கிழமை புள்ளியியல் பரீட்சை. ஒன்பது மணிக்குத் தொடக்கம். ஒன்பதரைக்கு அறைக் கதவைச் சாத்துவார்கள். சாத்தினால் சாத்தினதுதான், காரணம் கேட்பதில்லை. இந்தத் தாளை விட்டால் வருஷம் போகும். "ஒரு வருஷத்தை ரெண்டு தடவை வாங்க எங்கிட்ட காசு இல்ல," என்று ஜின்ஜா மாமா முன்பே சொல்லிவைத்திருந்தார்.

ஏழு மணிக்கெல்லாம் முதல் வண்டியை நிரப்பி இறங்கிவிட்டாள். இரண்டாவது வண்டியில் பின்னாலிருந்து இரண்டாம் வரிசை, ஜன்னலோரம். பக்கத்து இருக்கையில் ஸ்டேஜின் பை. கறுப்புக் கைப்பை, உள்ளே திணித்தது பழைய செய்தித்தாள், கிபூக்காவின் சொத்து. யாராவது இறங்கிப்போகும்போது அதை இருக்கையில் விட்டுவிட்டால், ஆள் திரும்பிவருவார் என்று மற்றவர்கள் நம்பிக்கொண்டிருப்பார்கள்.

"ரெண்டே சீட்டு! ரெண்டே சீட்டு! கம்பாலா, கம்பாலா! ஏறின உடனே கிளம்புது!" என்று கிபூக்கா ஜன்னலுக்கு வெளியே நின்று தொண்டையைக் கிழித்துக்கொண்டிருந்தான். உள்ளே நிஜ ஆட்கள் நாலு பேர். மற்றதெல்லாம் டப்பா.

"வண்டி கிளம்பிடுமா?" என்று கதவுப் பக்கமிருந்து யாரோ கேட்டார்கள்.

"இதோ, கிளம்பிடுச்சு," என்றாள் நபோசா. நோட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. துணிக்கடைக்காரன் வாயிலிருந்து "கட்டுப்படியாகாதுங்க" என்று தானாக வருமே, அப்படித்தான் இதுவும் வரும். முந்நூறு தடவையாவது சொல்லியிருப்பாள்.

"அட, நீயா! அப்ப சரி."

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். ரொபினா டீச்சர். மட்டுகாவில் ஒரு சின்னப் பிள்ளைகள் பள்ளியில் வேலை. அதே பல்கலைக்கழகத்தில் கல்வியியல் படிப்பு. புள்ளியியல் எல்லாருக்கும் பொது என்பதால் ஒரே வகுப்பு. முப்பத்தைந்து வயது இருக்கும். மூச்சிரைக்க ஏறி, ஸ்டேஜின் பையைத் தூக்கி நபோசாவின் மடியில் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

கண்டக்டர் கசோசி உடனே கையை நீட்டினான். ஸ்டேஜ் வழக்கப்படி காசு முன்கூட்டியே. வாங்கிய காசைத் திருப்பித் தந்த கண்டக்டரை மட்டுகாவில் யாரும் பார்த்ததில்லை. ரொபினா கொடுத்தாள். கசோசி நபோசாவைப் பார்க்காத மாதிரி அடுத்த வரிசைக்குப் போனான்.

"உங்கிட்ட வாங்கலையா?"

"நான் கொடுத்துட்டேன் டீச்சர்."

"கீழ நின்னு உத்துப் பார்த்துக்கிட்டு இருந்தேன்டி, இதுல எத்தனை தலை நிஜம், எத்தனை தலை கிபூக்காவோடதுன்னு." ரொபினா குரலைத் தாழ்த்திச் சிரித்தாள். "இவனுங்க பண்ற கூத்து எனக்குத் தெரியாதா? பதினஞ்சு வருஷமா பார்க்கிறேன். திரும்பிப் போயிடலாம்னுதான் நினைச்சேன். அப்பதான் உன் தலை தெரிஞ்சுது. பரீட்சை இருக்கிற பிள்ளை பார்க்காமலா ஏறியிருக்கும்னு நானும் ஏறிட்டேன்."

நபோசா நோட்டில் ஒரு பக்கம் திருப்பினாள். எழுத்து எதுவும் கண்ணில் ஏறவில்லை.

"உனக்கு இது எத்தனையாவது தாள்?"

"இன்னும் ரெண்டு இருக்கு. திங்கக்கிழமை ஒண்ணு."

"எனக்கு இது ஒண்ணுதான். மொத்தப் படிப்பிலயும் இது ஒண்ணுதான் பாக்கி." விரலை மடக்கிக் காட்டினாள். "ரெண்டு தடவை ஃபெயிலு. ஒரு தடவை பிரசவம். ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு, இன்னைக்குப் புள்ளியியல்டான்னு குழந்தைகிட்ட சொன்னேன். சேர்ந்து ஏழு வருஷம் முடிஞ்சா பேரை அடிச்சிடுவாங்களாமே. இந்த மாசத்தோட முடியுது. அடிச்சா அடிச்சதுதான், முதல்லேர்ந்து ஆரம்பி. எங்க ஹெட்மாஸ்டர் வேற, பட்டம் இல்லாத டீச்சருக்கு ஜனவரியில இங்க வேலை இல்லம்மான்னுட்டார். நல்ல மனுஷன்தான், சிரிச்சுக்கிட்டேதான் சொன்னார்."

சொல்லிவிட்டுப் பையிலிருந்து மண்டாசி ரொட்டியைப் பிட்டுப் பாதியை நபோசாவிடம் நீட்டினாள்.

இப்போது சொல்லியிருக்கலாம். காதோடு ஒரு வார்த்தை, "இறங்கிடுங்க டீச்சர்," அவ்வளவுதான். ஆனால் கிபூக்காவின் முழங்கை ஜன்னல் விளிம்பில், அவள் தோளுக்கு ஒரு சாண் தள்ளி ஊன்றியிருந்தது. போன மாதம் உட்காரும் பெண் ஒருத்தி தன் சித்தியிடம் இப்படித்தான் கிசுகிசுத்தாள். அன்றோடு அவளுக்கு மட்டுகாவில் எந்த வண்டியிலும் இடமில்லாமல் போயிற்று. காசு கொடுத்தாலும் இல்லை. நபோசாவிடம் இருந்தது திரும்பிவருகிற காசு. அதைக் கொடுத்து ஏறலாம்தான். ஆனால் ஆள் நிறைந்து வருகிற வண்டியின் ஒற்றை இடம், கிபூக்கா கண் காட்டினால்தான் கிடைக்கும். இன்று அது கிடைக்கவேண்டும்.

ரொட்டியை வாயில் போட்டுக்கொண்டாள். வாய் நிறைய இருந்தால் பேச வேண்டியதில்லை.

வாடகை பைக் ஒன்று ஜன்னலோரம் வந்து நின்றது. "டீச்சர்! கம்பாலாவா? ஏறுங்க. உங்களுக்குப் பாதிக் காசு போதும்."

"யாரு, ஆர்னால்டோட அப்பாவா? உங்க பிள்ளை இன்னும் எட்டைப் படுக்கவச்சுத்தான் எழுதறான்."

"அவன் அம்மா மாதிரி டீச்சர், எதுவும் படுத்துக்கிட்டேதான்."

வண்டிக்குள் இருந்தவர்கள் சிரித்தார்கள். கிபூக்கா மட்டும் சிரிக்கவில்லை. பைக்காரனை ஒரு பார்வை பார்த்தான்.

"இல்லப்பா, காசு கொடுத்தாச்சு. இதோ கிளம்பப்போகுது." ரொபினா திரும்பினாள். "இல்ல நபோசா?"

நபோசா தலையை ஆட்டினாள். ஆட்டிய தலையை அப்படியே நோட்டுக்குள் கவிழ்த்துக்கொண்டாள். பைக் போய்விட்டது.

அதற்கப்புறம் உதிர ஆரம்பித்தது. நிஜ ஆள் ஒருவர் ஏற, கோட்டுப் பெரியவர் சட்டைப்பையைத் தட்டிப் பார்த்து, "அடடா, போனு," என்று முனகிக்கொண்டு இறங்கினார். இன்னொருவர் ஏற, குழந்தைக்காரி குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக் காய்ச்சல் என்று கண்டுபிடித்தாள். ரொபினா ஒவ்வொருவரையும் பார்த்தாள்.

"அந்தக் கிழவர் பொம்மைதான், எனக்கு அப்பவே சந்தேகம்," என்றாள். "அந்தக் குழந்தையுமா? கடவுளே, பிறந்தவுடனே வேலைக்கு வந்துடுச்சு." பிறகு, தனக்கே சொல்லிக்கொள்வதுபோல, "பரவாயில்ல. நீ இருக்கியே," என்றாள்.

ஏழு இருபதுக்குக் கிபூக்கா கூரையை மூன்று தடவை தட்டினான். பொம்போ வண்டி வந்துவிட்டது என்று அர்த்தம். பெட்டிக்கடைக்குப் பின்னால் அரை நிமிஷம் நிற்கும். ஒரே இடம்.

அந்த அரை நிமிஷத்தில் நபோசா செய்த கணக்கு புள்ளியியலில் சேராது. அந்த இடத்துக்கு ரொபினாவை அனுப்பலாம். அனுப்பினால் அடுத்த ஒற்றை இடம் ஐந்து நிமிஷத்தில் வரலாம், ஐம்பது நிமிஷத்தில் வரலாம். கிபூக்கா வாங்கித்தருவானா என்பது வேறு விஷயம். டீச்சருக்கு இது கடைசி, எனக்கு? எனக்கும் வருஷம் போகும். இந்த வண்டியும் கிளம்பாமலே இருக்கப்போவதில்லை. ஏழே முக்காலுக்கு நிறைந்தால் ஒன்பதேகாலுக்குப் போய்விடலாம், கதவு ஒன்பதரைக்குத்தானே. வாங்குகிறவன் கண்ணைப் பார்க்காமல் தராசைப் பிடிக்கிறவனுக்கு எல்லா எடையும் சரியாகத்தான் வரும். அவளுக்கும் வந்தது.

"டீச்சர், கால்குலேட்டருக்கு பேட்டரி வாங்க மறந்துட்டேன். கடையில வாங்கிட்டு ஓடி வந்துடறேன். பை இங்கயே இருக்கட்டும்."

"எங்கிட்ட முன்னாடியே சொல்லக்கூடாதா? ஓடு, ஓடு. நீ வராம வண்டியை நான் விடமாட்டேன், பயப்படாத."

பேச்சுக்குச் சொல்கிறாள் என்று நபோசா எடுத்துக்கொண்டாள். பெட்டிக்கடைக்குப் பின்னால் போய், ஓடத்தொடங்கியிருந்த வண்டியில் தொற்றிக்கொண்டாள். இடம் கிடைத்தது, ஒரு மாவு மூட்டைக்கும் ஒரு போலீஸ்காரருக்கும் நடுவில். திரும்பிப் பார்க்க ஜன்னல் இல்லை. அது ஒருவிதத்தில் சௌகரியமாக இருந்தது.

அன்று நெரிசல் வழக்கத்தைவிட மோசமில்லை. பல்கலைக்கழகம் என்பது இரும்புக் கம்பி, சிமெண்டு விற்கும் கடைக்கு மேலே நாலு மாடி. படியேறிப் போனபோது மணி எட்டு ஐம்பது. பரீட்சையன்று பக்கத்துத் தெருப் பிள்ளைகள்தான் போன் கொண்டுவருவார்கள். வாசலில் ஒப்படைத்த போன்கள் போன பருவத்தில் கூண்டோடு காணாமல் போனதிலிருந்து தூரத்துக்காரர்கள் வீட்டிலேயே வைத்துவிட்டு வருவது. ஆகவே டீச்சரின் வண்டி கிளம்பியதா என்று கேட்க வழியில்லை, கேட்காததற்கு அதுவே காரணமாகவும் உதவியது. மேற்பார்வைக்கு நின்ற லெக்சரர் ஒமோடிங் நீட்டிய தாளில் பெயருக்கு நேரே கையெழுத்தும் நேரமும் போட்டுவிட்டு மூன்றாம் வரிசையில் உட்கார்ந்தாள்.

ஒன்பது மணிக்குத் தாள் கொடுத்தார்கள். கதவு திறந்தபோதெல்லாம் நிமிர்ந்தாள். ஒன்பது ஐந்துக்கு ஒரு பையன். ஒன்பதேகாலுக்கு விடுதிப் பெண்கள் இருவர், கன்னத்தில் தலையணைக் கோடோடு. ஒன்பது இருபத்தெட்டுக்கு ஒருவன், ஒரு கால் ஷூவின் கயிறு அவிழ்ந்தபடி ஓடி வந்தான். ஒமோடிங் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.

முதல் கேள்விக்கு அவள் பாதி பதில் எழுதியிருக்கும்போது கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. கடிகாரத்தில் ஒன்பது முப்பத்தாறு.

ஒமோடிங் கதவை ஒரு கை அகலம் திறந்தார்.

"சார்." ரொபினாவின் குரல். மூச்சு அடங்கவில்லை. "சார், ஆறு நிமிஷம்தான் சார்."

"ஆறு நிமிஷம்னாலும் ஆறு மணி நேரம்னாலும் ஒண்ணுதாம்மா. விதி நான் எழுதினதில்ல."

"இது என் கடைசி தடவை சார். ஏழு வருஷம் ஆச்சு. பேரை அடிச்சிடுவாங்க."

"உங்களை விட்டா நாளைக்கு ஏழு நிமிஷக்காரன் வந்து நிப்பான். போயிட்டு ஆபீஸ்ல மனு கொடுங்க."

"மனு கொடுத்தா எடுத்துக்குவாங்களா?"

ஒமோடிங் தாழ்ப்பாளில் கையை வைத்தார். கீழே லாரியிலிருந்து கம்பிகளை இறக்கிப்போடுகிற ஓசை மட்டும் கேட்டது. முடிந்தது என்று நினைத்து நபோசா பேனாவைத் தாளில் வைத்தாள்.

"சரி சார். என்னை விடுங்க," என்றது குரல். "இன்னொரு பொண்ணு வருவா. அவளையாவது உள்ள விடுங்க. சின்னப் பொண்ணு, தப்பு அவமேல இல்ல. நானும் அவளும் ஒரே வண்டி. பேட்டரி வாங்க இறங்கினா, பையை வச்சுட்டுப் போனா. வண்டி நிறைஞ்சு டிரைவர் கிளம்பறேன்னான், நான் விடலை. அவ சீட்டுல யாரையும் உக்கார விடாம இருபது நிமிஷம் நிறுத்தி வச்சேன். உள்ள இருந்தவங்க எல்லாம் ஏசினாங்க. கடைசியில மீறி எடுத்துட்டான் சார், நான் என்ன பண்றது? அவளை விட்டுட்டு வந்துட்டேன். கவெம்பேல நெரிசல், பாதியில இறங்கி பைக் பிடிச்சு வந்தேன். அவளும் பின்னாலயே வந்துக்கிட்டிருப்பா. நபோசான்னு பேரு. அக்கவுண்ட்ஸ் இரண்டாம் வருஷம்."

அறையில் இரண்டு மூன்று தலைகள் மூன்றாம் வரிசைப் பக்கம் திரும்பின.

ஒமோடிங் மேஜைக்குப் போய்க் கையெழுத்துத் தாளை எடுத்தார். விரலை வைத்து மெதுவாக இறங்கிக்கொண்டே வந்தார்.

"நபோசா," என்று படித்தார். "கையெழுத்து இருக்கேம்மா. எட்டு அம்பது."

நபோசா நிமிரவில்லை. கதவு இடுக்கில் ரொபினாவின் முகம் இருந்ததா, தன்னைப் பார்த்ததா என்று அவளுக்குத் தெரியாது. "ஓ," என்று ஒரு சத்தம் மட்டும் கேட்டது, அப்புறம் கதவு சாத்துகிற சத்தம்.

கை எழுதியது. சராசரி, விலக்கம், நிகழ்தகவு, எல்லாம் ஸ்டேஜில் உட்கார்ந்து படித்ததுதான், வரிசையாக வந்தது. தாள் சுலபம். அதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை. கஷ்டமாக இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பன்னிரண்டு மணிக்கு வெளியே வந்தாள். ரொபினா போயிருப்பாள் என்று நம்பிக்கொண்டு படியிறங்கினாள். போகவில்லை. இரண்டாம் மாடித் திருப்பத்தில், சிமெண்டு மூட்டை ஒன்றின்மேல் உட்கார்ந்திருந்தாள். அழுததாகத் தெரியவில்லை. பைக்கில் வந்த புழுதி முகத்தில் அப்படியே இருந்தது.

"முடிச்சுட்டியா?"

"டீச்சர்..."

"கண்டக்டர் உங்கிட்ட காசு கேட்கலை. அதை நான் பார்த்தேன்டி. கண்ணால பார்த்தேன். பார்த்துட்டும், மாணவிங்கறதால முன்னாடியே வாங்கிட்டான்போலன்னு நானே உனக்காக ஒரு காரணம் கண்டுபிடிச்சேன்." தலையை ஆட்டிக்கொண்டாள். "எத்தனை நாளா உக்கார்ற?"

"ஒண்ணரை வருஷமா."

"ஒரு வார்த்தை காதுல சொல்லியிருக்கலாம்ல?"

"கிபூக்கா பக்கத்துலயே நின்னான் டீச்சர்."

"அவன் வெளிய நின்னான். பக்கத்துல நான்தான் உக்காந்திருந்தேன்."

மேலிருந்து பிள்ளைகள் பதிலை ஒப்பிட்டுக்கொண்டு கூச்சலாக இறங்கி வந்தார்கள். இருவரும் சுவரோரம் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

"ஆபீஸுக்குப் போனீங்களா?"

"போனேன். மனுவை வாங்கிக்கிட்டாங்க. வாங்கி வச்ச கட்டு இவ்வளவு உயரம் இருக்கு. அந்தப் பொண்ணு என் மனுவை அதுக்கு அடியில சொருகினா." எழுந்து பாவாடையிலிருந்த சிமெண்டைத் தட்டினாள். "உனக்கு ஒண்ணு தெரியுமா? அந்த வண்டியில ஒரு அம்மா ஏற வந்தாங்க. வயித்துல பிள்ளை. உன் சீட்டைக் கேட்டாங்க. மாட்டேன்னு சொன்னேன். பரீட்சைக்குப் போற பொண்ணோட இடம்னு சண்டை போட்டேன். அந்த அம்மா வெயில்ல நின்னாங்க."

மீதிப் படிகளை இருவரும் சேர்ந்து இறங்கினார்கள். தெருவில் கம்பிக் கடைக்காரன் யாரிடமோ விலை குறைக்கமாட்டேன் என்று சத்தியம் செய்துகொண்டிருந்தான். டாக்சி நிறுத்தம் எதிரிலேயே இருந்தது. ரொபினா அதைக் கடந்து வடக்குப் பக்கமாக நடக்க ஆரம்பித்தாள்.

"டீச்சர், ஸ்டேஜ் இங்க."

"பைக்காரன் எல்லாத்தையும் வாங்கிட்டான். காசு இல்ல."

நபோசா குனிந்து ஷூவைக் கழற்றினாள். உள்ளங்காலுக்கு அடியில் மடித்துவைத்திருந்த நோட்டுகளை எடுத்து நீட்டினாள். இன்று திரும்பிப்போக இருந்தது அதுதான். வேண்டாம் என்பாள், முகத்தில் விட்டெறிவாள் என்று எதிர்பார்த்தாள். விட்டெறிந்தால் கொஞ்சம் லேசாக இருக்கும் என்றும் தோன்றியது.

ரொபினா வாங்கிக்கொண்டாள். வியர்வையில் ஒட்டியிருந்த நோட்டுகளைப் பிரித்து, சரியாக இருக்கிறதா என்று பார்த்தாள்.

"நடந்தா சாயங்காலம் ஆயிடும். மூணு மணிக்குப் பிள்ளைங்களை வீட்டுக்கு அனுப்பணும். ஜனவரி வரைக்கும் வேலை இருக்குல்ல." நோட்டுகளைக் கைக்குள் மடித்துக்கொண்டாள். "திங்கக்கிழமை இன்னொரு தாள்னு சொன்னே."

"ஆமா டீச்சர்."

"அப்ப திங்கக்கிழமையும் உக்காருவ."

கேட்கிற குரலில் அவள் அதைச் சொல்லவில்லை. பதிலுக்கும் நிற்கவில்லை. மட்டுகா வண்டி ஒன்று நின்றிருந்தது. அதன் அருகே போய்க் கதவோரம் நின்று, உள்ளே இருந்த ஒவ்வொரு முகத்தையும் நிதானமாகப் பார்த்தாள். ஜன்னலோரம் சீருடையில் ஒரு பள்ளிக்கூடப் பெண் இருந்தாள். அவளை நெடுநேரம் பார்த்தாள். பிறகு அந்த வண்டியை விட்டுவிட்டு, பின்னால் நின்ற வண்டியில் ஏறினாள். அதில் டிரைவரைத் தவிர யாருமில்லை. நடு வரிசையில் தனியாக உட்கார்ந்து, கையைக் கட்டிக்கொண்டு, எதிரே பார்த்தாள்.

நபோசா அந்தப் பக்கம் போகவில்லை. பதினெட்டு கிலோமீட்டர். ஷூவைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு பொம்போ சாலையில் நடந்தாள். சேதமானால் திங்கட்கிழமைக்கு வேறு ஷூ இல்லை. தார் சுட்டது. ப்வைசே தாண்டும்வரை ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஆட்கள் அவளைப் பார்த்துக் கூவினார்கள். "மட்டுகாவா தங்கச்சி? ஒரே சீட்டு! உன்னாலதான் நிக்குது, ஏறு, இப்பவே கிளம்புது!" அவள் தலையை அசைத்து மறுத்துக்கொண்டே நடந்தாள். ஆனால் கண்ணை அடக்க முடியவில்லை. ஒவ்வொரு வண்டிக்குள்ளும் பார்த்தாள். இதில் மூன்று நிஜம், ஆறு பொய். இதில் ஐந்து நிஜம். இதில் நிஜம் ஒரே ஒரு ஆள், பின் வரிசையில் தூங்கிக்கொண்டிருந்தவர் மட்டும்.